விளக்கை அணைத்த அண்டம்

நிலவில்லாத இரவில் பாம்பன் வடகடலுக்குச் சூடை மீன் பிடிக்கப் போகிறவர்கள், வலையைக் கையில் எடுப்பதற்கு முன் வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்கள். இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். பீடி பற்றவைக்கவும் மாட்டார்கள்; கண் இருட்டுக்குப் பழக வேண்டும். மீன் கூட்டம் அசையாமல் நிற்கும்வரை கடல் கறுப்பாகவே இருக்கும். கூட்டம் சற்றுத் திரும்பினால் போதும், திரும்பிய இடத்தில் நீர் வெளிர்நீலமாக மினுங்கி அணையும். அந்த மினுக்கம் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே, எத்தனை கூடை தேறும் என்பதை என் மாமா சொல்லிவிடுவார். பத்துக்கு ஏழு முறை சரியாக இருக்கும். அப்புறம் வலை அந்த இடத்தைச் சுற்றிக்கொள்ளும்.

மாமாவுடன் அப்படி ஓர் இரவு போய்வந்த அதே வாரத்தில்தான், சீன எழுத்தாளர் லியூ சிஷினின் மூன்று நாவல்களில் இரண்டாவதை முடித்தேன். தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்; நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். தடித்த புத்தகங்களுக்கு எங்கள் கரையில் அதுதான் பருவம். ‘இருண்ட காடு’ என்ற அந்த நூலின் மையக் கருத்து விளங்கிய பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன். சூடை மீனுக்கு இது எப்போதோ தெரியுமே என்று தோன்றியது.

முதலில் நூல்களைப் பற்றி. ‘மூவுடல் சிக்கல்’ 2006இல் ஒரு சீன அறிவியல் புனைகதை இதழில் தொடராக வந்து, 2008இல் நூலானது. அதே ஆண்டில் ‘இருண்ட காடு’. 2010இல் மூன்றாவது. ஆங்கிலத்தில் 2014, 2015, 2016 என்று ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. முதலாவதையும் மூன்றாவதையும் கென் லியூ மொழிபெயர்த்தார், நடுவிலுள்ளதை ஜோயல் மார்ட்டின்சென். 2015இல் முதல் நாவலுக்கு, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கிடைத்தது. ஆசிய எழுத்தாளர் ஒருவரின் நாவல் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. நான் படித்தது ஆங்கிலம் வழியாகத்தான். மூன்றாம் நூலின் ஆங்கிலத் தலைப்பு ‘மரணத்தின் முடிவு’ என்று பொருள்படும். சீனத் தலைப்போ மரண தேவன் என்றும் வாழ்வான் என்கிறது. ஏறக்குறைய நேர் எதிர். படித்து முடித்தவர்களுக்குச் சீனத் தலைப்பே நேர்மையானது என்று தெரியும். மூன்றையும் சேர்த்துச் சீனத்தில் வழங்கும் பெயர் ‘பூமியின் கடந்தகாலம்’. அட்டையிலேயே பூமி இறந்தகாலத்தில் இருக்கிறது.

கதையை உடைக்காமல் இந்த நூல்களைப் பற்றிப் பேச முடியாது. இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இவற்றை இருண்ட நாவல்கள் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சூரிய மண்டலம் அழியும் காட்சியைக் காரணம் காட்டுவார்கள். எனக்கு அந்த அழிவு பெரிதாக வலிக்கவில்லை. அவ்வளவு பெரிய அழிவில் அழுவதற்கு முகம் கிடைப்பதில்லை. என்னை உலுக்கியது முதல் நூலின் ஆரம்பம். 1967, பெய்ஜிங். மாவோ நடத்திய கலாச்சாரப் புரட்சியின் உச்சம். இயற்பியல் பேராசிரியர் ஒருவரை மேடையேற்றிக் கூட்டத்தின் முன் அடிக்கிறார்கள். அடிப்பவர்கள் பள்ளி மாணவிகள். குற்றம், ஐன்ஸ்டைனின் சார்பியலைப் பாடத்தில் நடத்தியது. அவருடைய மனைவியே மேடையில் நின்று அவருக்கு எதிராகப் பேசுகிறாள். அவர் அங்கேயே சாகிறார். கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மகள் யே வென்ஜியேதான் இந்த மூன்று நூல்களுக்கும் விதை.

அவளை உள் மங்கோலியாவின் காடுகளில் மரம் வெட்டும் வேலைக்கு அனுப்புகிறார்கள். பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய புத்தகத்தை ஒரு பத்திரிகையாளன் அவளுக்குப் படிக்கக் கொடுக்கிறான். விவகாரம் ஆனதும் பழி முழுவதையும் அவள் தலையில் சுமத்திவிட்டு நழுவுகிறான். அதன்பின் அவள் ஒரு மலையுச்சி ராணுவத் தளத்தில், வேற்றுலகத்தாருக்குச் செய்தி அனுப்பும் ரகசியத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறாள். சூரியனையே ஒலிபெருக்கியாக்கி அவள் அனுப்பும் செய்திக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதில் வருகிறது. பதில் அனுப்பியவன் அந்தக் கோளின் நல்லவன். மறுமொழி சொல்லாதே, சொன்னால் உன் உலகம் எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும், எங்கள் படை வந்துவிடும் என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறான். அவள் மறுமொழி அனுப்புகிறாள். வாருங்கள் என்கிறாள்.

இதைப் படித்தபோது எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை. அங்கேதான் நூல் வென்றது. சீனாவில் 2008இல் நூலாக வந்தபோது இந்த 1967ஆம் ஆண்டுக் காட்சியை முதலிலிருந்து எடுத்து நடுவே செருகியிருந்தார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆசிரியரின் சம்மதத்துடன் அது மீண்டும் முதலுக்கு வந்தது. இந்த இடமாற்றம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். நடுவில் வைத்தால் அது ஒரு முன்கதை. முதலில் வைத்தால் அதுவே காரணம். வேற்றுலகத்தார் வருவதற்கு முன்பே மனிதர் மனிதரைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் நாம் இரண்டாவது அத்தியாயத்துக்கே போகிறோம்.

ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு காட்சி. லியூ 1963இல் பிறந்தவர். பெற்றோர் ஷான்ஷி மாகாணத்துச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்தார்கள். பையனை ஹெனான் கிராமத்தில் உறவினர்களிடம் விட்டிருந்தார்கள். 1970 ஏப்ரலில் சீனாவின் முதல் செயற்கைக்கோள் வானில் ஒரு சிறு புள்ளியாக நகர்ந்து போவதைக் கிராமத்துப் பிள்ளைகளுடன் நின்று பார்த்ததாக எழுதியிருக்கிறார். பிள்ளைகளில் பலருக்குக் காலில் செருப்பில்லை. மேலே விண்கலம், கீழே வெறுங்கால். பின்னாளில் ஒரு மின் நிலையத்தில் கணினிப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். அந்த வேலை அவர் எழுத்தில் தெரிகிறது. பேரழிவுகளை அற்புதமாக ஓட்டிக்காட்டுவார். மனிதர்களை மட்டும் சுவிட்சுகளைப் போல எழுதுவார். போட்டால் எரியும், அணைத்தால் அணையும்.

மூவுடல் சிக்கல் என்பது ஆசிரியர் புனைந்த பெயரன்று. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சுற்றினால் அவற்றின் பாதையை நியூட்டனின் கணக்கில் என்றென்றைக்குமாக எழுதிவிடலாம். மூன்றாவது ஒன்று நுழைந்தால் கணக்கு கைநழுவும். தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் பின்னால் பாதை முற்றிலும் மாறிவிடும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்ரி புவான்கரே 1889இல் இதற்காக ஸ்வீடன் மன்னர் ஆஸ்கரின் பரிசைப் பெற்றார். பரிசு வாங்கியபின் தன் கட்டுரையில் பிழை இருப்பது தெரிந்தது. அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி அச்சிடும் செலவை அவரே ஏற்றார். செலவு பரிசுத் தொகையைவிட அதிகம். ஆனால் அந்தப் பிழையைத் திருத்தப் போய்த்தான், இன்று ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று சொல்கிறோமே, அதன் முதல் கீற்றை அவர் கண்டார். நட்டப்பட்டு ஞானம் வாங்கியவர்.

நாவலில் மூன்று சூரியன்களுக்கு நடுவே பந்தாடப்படும் ட்ரைசோலாரிஸ் என்ற கோளுக்கு ஆல்ஃபா சென்டாரி மண்டலத்தை ஆசிரியர் இடமாகக் கொடுத்திருக்கிறார். நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் மண்டலம். நான்கு ஒளியாண்டுக்குச் சற்று மேல். உண்மையான ஆல்ஃபா சென்டாரி நாவலில் இருப்பதுபோல் அலைக்கழியவில்லை. அதன் இரண்டு பெரிய விண்மீன்கள் ஒன்றையொன்று 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகச் சுற்றுகின்றன. மூன்றாவதான ப்ராக்ஸிமா, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழ 13,000 மடங்கு தள்ளி நிற்கிறது. வீட்டுச் சண்டையில் தலையிடாத தூரத்து உறவுக்காரர்போல. இந்த மீறலை நான் மன்னித்துவிட்டேன். தங்கள் கோளில் பிழைக்க வழியில்லாதவர்கள் நம் கோளுக்குப் படையெடுக்கிறார்கள், வந்துசேர நானூற்றுச் சொச்சம் ஆண்டாகும் என்ற ஏற்பாடு கதைக்கு வேண்டியிருந்தது. எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான், வருவது உறுதி, பேரனுக்குப் பேரன் காலத்தில் வருவான். அப்படியோர் அச்சத்தோடு ஒரு சமூகம் எப்படி வாழும் என்பதுதான் இரண்டாம் நூல்.

அதற்குள் போவதற்கு முன் சில ஆண்டுகளை நினைவூட்ட வேண்டும். 1950இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் மதிய உணவு மேசையில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி, அண்டத்தில் இத்தனை விண்மீன்கள் இருக்கின்றனவே, எல்லாரும் எங்கே போய்விட்டார்கள் என்று கேட்டார். 1974 நவம்பரில் அரிசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 13 விண்மீன் கொத்தை நோக்கி 1,679 பிட் நீளமுள்ள ஒரு செய்தி அனுப்பப்பட்டது. அந்த ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் வானியலாளர் மார்ட்டின் ரைல், இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுப்பது ஆபத்து என்று எதிர்ப்புத் தெரிவித்தார். எங்கள் கரைக்கு 1974 என்றால் வேறு நினைவு. அந்த ஆண்டு ஜூனில்தான் இந்திராவும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் கடலில் கோடு விழுந்தது, கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. மனிதகுலத்தின் முகவரியை அண்டத்துக்கு அறிவித்த ஆண்டும், பாக் நீரிணையில் கோடு கிழித்துக் கடலைப் பிரித்த ஆண்டும் ஒன்றே.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய, தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் பதிவாகியிருக்கிறது. தெலுங்கு இருக்கிறது. கன்னடம் இருக்கிறது. எங்கள் கரைக்கு எதிர்க்கரையின் சிங்களமும் இருக்கிறது. தமிழ் இல்லை. எனக்கு இது நெடுநாள் குறையாக இருந்தது. ‘இருண்ட காடு’ படித்தபின் குறை தீர்ந்தது. நாளைக்கு எவனாவது அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு தேடி வந்தால், காட்டிக்கொடுத்தது நாங்கள் இல்லை.

இரண்டாம் நூலின் கருத்து இதுதான். உயிர் பிழைத்திருப்பதே ஒவ்வொரு நாகரிகத்துக்கும் முதல் தேவை. நாகரிகங்கள் பெருகிக்கொண்டே போகும்; அண்டத்திலுள்ள பொருள் பெருகாது. இத்துடன் இரண்டு நடைமுறை உண்மைகளைச் சேர்க்க வேண்டும். தொலைதூரத்தில் இருப்பவன் நல்லவனா என்று எனக்குத் தெரியாது. நான் நல்லவன் என்று அவன் நினைக்கிறானா என்பது எனக்குத் தெரியாது. அவன் அப்படி நினைப்பதாக நான் நம்புகிறேனா என்பது அவனுக்குத் தெரியாது. இதைச் சந்தேகச் சங்கிலி என்கிறது நூல். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் ஒரு சொல் போய்வரப் பல ஆண்டுகள். மற்றொன்று, இன்று குழந்தையாக இருக்கும் நாகரிகம் சில நூற்றாண்டுகளில் நம்மைத் தாண்டிவிடலாம். ஆகவே பலவீனனும் ஆபத்தானவன். எல்லாவற்றையும் கூட்டினால் விடை ஒன்றுதான். ஒவ்வொருவனும் துப்பாக்கியோடு இருட்டில் ஓசைப்படாமல் நடக்கும் வேடன். இன்னொரு உயிர் கண்ணில் பட்டால் சுட்டுவிட வேண்டும். ஃபெர்மியின் கேள்விக்கு விடை: எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள், விளக்கை அணைத்துவிட்டு இருக்கிறார்கள்.

இந்தக் கோட்பாட்டைக் கண்டுபிடிப்பவன் லுவோ ஜி என்ற ஒழுங்கில்லாத சமூகவியலாளன். அவன் அதைக் கொண்டு செய்வது என்ன என்று சொல்ல, மறுபடி சூடை மீனுக்குத் திரும்ப வேண்டும்.

அந்த இரவில் மினுங்கியது மீன் அல்ல. கடல்நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிர்கள். டைனோஃபிளாஜெல்லேட் என்பது அவற்றின் வகைப்பெயர். நீர் கலங்கினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒளிர்ந்து அணையும். கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர் எதற்காக இருட்டில் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும்? இதற்கு உயிரியலாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்றின் பெயர் ‘திருட்டு மணி’. இந்தச் செல்களை மேய்வது கோப்பிபாட் என்ற பொடி இறால் போன்ற உயிர். அது வந்து தொட்டதும் செல் ஒளிர்கிறது. அந்த ஒளியில் கோப்பிபாட் தெரிந்துவிடுகிறது. கோப்பிபாட்டைத் தின்னும் மீன் அருகில் இருந்தால் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. 1993இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஒளிரும் செல்கள் இருந்த நீரில் மீன்களிடம் அகப்பட்ட கோப்பிபாட்கள் உண்மையிலேயே அதிகம் என்று கண்டார்கள். பல் இல்லை, நகம் இல்லை, ஓடத் திராணி இல்லை. அந்தச் செல்லுக்கு இருக்கும் ஒரே ஆயுதம், தன்னைத் தின்ன வருபவனை அவனைவிடப் பெரியவனுக்குக் காட்டிக்கொடுப்பது.

லுவோ ஜி செய்வது அச்சு அசலாக இதையே. ட்ரைசோலாரிஸ் படையோடு மோதப் பூமியால் முடியாது. மனிதகுலம் இருநூறு ஆண்டு உழைத்துக் கட்டிய ஏறத்தாழ இரண்டாயிரம் போர்க்கப்பல்களை, சில மீட்டர் நீளமே உள்ள நீர்த்துளி வடிவ ஆய்வுக்கலம் ஒன்றே துளைத்துத் தீர்த்துவிடுகிறது. அணிவகுப்பில் வரிசையாக நிறுத்தியிருந்ததால் வேலை இன்னும் எளிது. மிச்சம் தப்பிய சில கப்பல்கள் இருளுக்குள் ஓடுகின்றன. எரிபொருளும் உதிரிபாகங்களும் எல்லாருக்கும் போதாது என்பதை ஒவ்வொரு கப்பலிலும் ஒரே நேரத்தில் கணக்குப் போடுகிறார்கள். ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கொல்கிறார்கள். மூன்று நூல்களிலும் இதைவிடச் சிறந்த எழுத்து இல்லை. இருண்ட காட்டுக் கோட்பாட்டைப் பேச்சாக விளக்குவதற்கு முன்பே, நேற்றுவரை தோழர்களாக இருந்தவர்களிடையே அது நடந்து முடிந்திருக்கிறது. அதன்பின் லுவோ ஜி தன் கல்லறைக் குழியைத் தானே தோண்டி அதன் பக்கத்தில் நின்று எதிரியிடம் சொல்கிறான்: நான் செத்தால் உங்கள் கோள் இருக்கும் இடத்தை அண்டம் முழுக்க அறிவிக்கும் பொறி இயங்கிவிடும். எங்கள் இடமும் சேர்ந்தே தெரிந்துபோகும், இரண்டு பேரும் சாவோம். எதிரி பின்வாங்குகிறது. அணுகுண்டுக் காலத்து மிரட்டல் சமாதானத்தின் மறுபதிப்பு இது என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு, சரிதான். எனக்கு அது டைனோஃபிளாஜெல்லேட்டின் பழைய வேலையாகத் தெரிந்தது. அணுகுண்டு வைத்திருப்பவன் தானே அடிக்கிறான். லுவோ ஜி அடிப்பதில்லை. மூன்றாவது ஒருவனுக்கு வெளிச்சம் காட்டுகிறான், அவ்வளவே.

ஒருநாள் மாலை படகடியில் வலை பொத்திக்கொண்டிருந்த மாமாவிடம் இந்தக் காட்டுக் கதையை முழுவதும் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. கதை கேட்பதில் பொறுமைசாலி. கேட்டு முடித்துவிட்டு ஊசியை நிறுத்தாமலேயே சொன்னார்.

“விளக்கை அணைக்கிறவனுக்கு எதிரே யார் வருகிறான் என்று தெரியும், மாப்பிள்ளை. யார் என்றே தெரியாத கடலில் விளக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் கப்பல்காரன் நம்மேல் ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இடித்தது அவனுக்குத் தெரியவும் தெரியாது.”

நான் வாயடைத்துப் போனேன். லியூவின் காட்டில் வேடன் மட்டும் இருக்கிறான். கவனமில்லாத கப்பல்காரன் இல்லை. கடலில் இறங்கியவனுக்கு முதல் பயம் கப்பல்காரனைப் பற்றியது. இதில் எனக்கு வேறொரு சந்தேகமும் சேர்ந்துகொள்கிறது. பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கி 200 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நல்ல தொலைநோக்கி வைத்திருக்கும் எந்த வேடனும் பூமியின் ஒளியைப் பிரித்து, அதில் ஆக்சிஜனின் தடத்தைப் பார்த்தே இங்கே உயிர் இருப்பதை ஊகித்திருப்பான். வானொலியைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் விளக்கு மீனும் மரமும் தோன்றுவதற்கு முன்பிருந்தே எரிந்துகொண்டிருக்கிறது. யாரும் சுடவில்லை.

ஆனால் மாமாவின் வாதத்துக்கு லியூ மூன்றாம் நூலில் ஒரு பதில் வைத்திருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. சூரிய மண்டலத்தை அழிப்பது பெரிய அரசனோ தளபதியோ இல்லை. எங்கோ ஒரு கலத்தில் அன்றாட வேலையாகத் துப்புரவு செய்யும் கடைநிலை ஊழியன் ஒருவன். பாடிக்கொண்டே வேலை செய்கிறான். மேலதிகாரியிடம் கேட்டு ஒரு மெல்லிய தாளை வாங்கி எறிகிறான். அதில் பட்ட சூரியனும் கோள்களும் கோடிக்கணக்கான மக்களும் மெல்ல மெல்லத் தட்டையாகி ஓர் ஓவியமாகிவிடுகிறார்கள். அவனுக்குப் பகை இல்லை, ஆர்வமும் இல்லை. அவன்தான் மாமா சொன்ன கப்பல்காரன். வேடன் பாதி, கப்பல்காரன் பாதி.

கோட்பாட்டின் இரண்டாம் விதியை, அதாவது ஆள் பெருகும் பொருள் பெருகாது என்பதை, இந்தக் கரை வேறுவிதமாகவும் சோதித்துப் பார்த்திருக்கிறது. விசைப்படகுகள் பெருகியபோது அவற்றின் மடிவலை நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போனது. கடலிலும் கரையிலும் அடிதடி. 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. சட்டத்தைவிட அதிகம் நின்றது நாள் பங்கீடு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு நாட்டு மீனவர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பூசை கேட்கிறார்கள். கைதும் படகுப் பறிமுதலும் நடக்கிற அதே கடலில்தான் இதுவும் நடக்கிறது. சந்தேகச் சங்கிலியை அறுப்பது நல்ல மனசு என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கும் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் அறுக்கிறது. நான்கு ஒளியாண்டுத் தூரத்தில் அந்தக் கட்டாயம் கிடையாது. லியூவின் அண்டம் கொடூரமாக இருப்பதற்குக் காரணம் தூரம். அதை அவர் இயற்கை விதி என்று விற்கிறார்.

இதைச் சொல்லி ஜெயித்துவிட்டதாக எண்ணியிருந்தேன். பிறகு வேறொன்று தோன்றியது. எங்கள் நாள் பங்கீடு மீனைக் கேட்டுச் செய்ததா? திங்களும் மீனுக்குச் சாவு, செவ்வாயும் சாவு. வருகிற படகுதான் வேறு. தராசுத் தட்டு ஓரளவுக்காவது சமமாக இருப்பவர்களுக்குள்தான் ஒப்பந்தம் நடக்கிறது. சூடை மீனின் இடத்திலிருந்து பார்த்தால் மாமாதான் இருண்ட காடு. இந்த இடத்தில் லியூவை என்னால் அசைக்க முடியவில்லை.

மூன்றாம் நூலில் எனக்குச் சண்டை வேறு. லுவோ ஜி அரை நூற்றாண்டுக்கு மேல் விரலைப் பொத்தானில் வைத்தபடி தனியே உட்கார்ந்திருந்து எதிரியை அடக்கிவைக்கிறான். கிழவனானதும் அந்தப் பொறுப்பை மக்கள் செங் ஷின் என்ற பெண்ணுக்குக் கொடுக்கிறார்கள். அவள் அழுத்தமாட்டாள் என்று எதிரிக்குத் தெரியும். பொறுப்பு கைமாறிய சில நிமிடங்களிலேயே தாக்குதல். அவள் அழுத்தவில்லை. பிற்பாடு ஒளிவேகக் கலங்களுக்கான ஆய்வை ரத்தக்களரி இல்லாமல் நிறுத்தும்படி அவள் எடுக்கும் முடிவும் மனிதகுலத்தின் கடைசி வாசலை அடைத்துவிடுகிறது. அவள் இரக்கப்படும் ஒவ்வொரு முறையும் உலகம் ஒருமுறை அழிகிறது. ஒருமுறை என்றால் துயரம். இருமுறை என்றால் ஆசிரியர் தாயக்கட்டையில் ஈயம் வைத்திருக்கிறார். இந்த நூல்களில் பெண்கள் படும் பாடு தனி. இரண்டாம் நூலில் லுவோ ஜி, தான் கனவில் கட்டிய பெண்ணின் வர்ணனையைக் கொடுத்து, அப்படி ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவரச் சொல்கிறான். கொண்டுவந்தும் விடுகிறார்கள். அந்த அத்தியாயங்களை வேகமாகப் புரட்டலாம், எதுவும் குறையாது.

ஆனால் புளூட்டோ காட்சியைப் புரட்டாதீர்கள். கிழட்டு லுவோ ஜி அங்கே மனிதகுலத்தின் அருங்காட்சியகத்துக்குக் காவல் இருக்கிறான். பத்துக் கோடி ஆண்டு அழியாமல் ஒரு செய்தியைக் காப்பது எப்படி என்று அறிவியலாளர்கள் எல்லாத் தொழில்நுட்பத்தையும் ஆராய்ந்து கடைசியில் கண்டுபிடித்த வழி, கல்லில் செதுக்குவது. இதைப் படித்ததும் எனக்கு எங்கள் மாவட்டத்து அழகன்குளம் நினைவுக்கு வந்தது. வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய துறைமுகம். அகழாய்வில் ரோமானியக் காசுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓர் ஓடு எல்லாம் கிடைத்தன. கல்கூட இல்லை, உடைந்த பானை. அதைக் கீறியவன் யாருக்காகவும் காத்துவைக்க நினைத்திருக்க மாட்டான். கையில் ஆணி இருந்தது, எதிரே கப்பல் நின்றது, கீறினான். அது தப்பியிருக்கிறது. புளூட்டோவில் அத்தனை திட்டமிட்டுச் செதுக்கியதோ, கோளோடு சேர்ந்து தட்டையாகிவிடுகிறது.

கடைசி அத்தியாயத்தையும் மாமாவிடம் சொன்னேன். அப்போது வேலை முடிந்து வலையை மடித்துக்கொண்டிருந்தார். அண்டம் சுருங்கி மறுபடி பிறக்க வேண்டுமென்றால் எல்லாரும் ஒளித்துவைத்திருக்கும் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று அறிவிப்பு வருகிறது. செங் ஷின்னும் தன் தனிச் சிற்றுலகிலிருந்து எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகிறாள். ஐந்து கிலோ மட்டும் விட்டுவைக்கிறாள். ஒரு கண்ணாடி உருண்டை. உள்ளே கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பச்சை, சின்ன மீன்.

“ஐந்து கிலோ குறைந்தால் அண்டம் பிறக்காதா?” என்று கேட்டார்.

“அது சொல்லப்படவில்லை, மாமா.”

“எடை போடுகிறவன் அதைப் பார்ப்பான்.” மடித்த வலையைப் படகுக்குள் தூக்கிப் போட்டார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“என்ன மீன்?”